நேத்து என்ன சாப்பிட்டே?

“நேத்து சாயந்திரம் என்னடி சாப்பிட்டே?”

“சாக்லேட் கேக் ரெண்டு துண்டு, ஐஸ்கிரீம் ஒரு கப், க்ரீம் பிஸ்கட் நாலு” என்று தரையைப் பார்த்தபடி ஒப்பித்தாள் மகள்.

அம்மா ஓடிப்போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து எண்ணினாள்.

“அச்சு பிசகலை! அப்படியே சரியா இருக்கு!” என்று சின்னப் பெண்போலக் குதித்தாள்.

அவள் வேலையே அதுதான். பதின்வயதுப் பிள்ளைகள் தாங்கள் சாப்பிட்டதை எவ்வளவு சரியாக நினைவில் வைத்துச் சொல்கிறார்கள் என்று ஆராய்ச்சி. “அதுங்க சொல்றதை நம்பவே முடியாது. மூட்டை கட்டுங்க மேடம்” என்று டைரக்டர் கையை விரித்த நேரத்தில், சொந்த வீட்டிலேயே இப்படியொரு வைரம்!

“பொட்டப்புள்ளைக்கு நாக்கு இவ்வளவு நீளமா?” சோபாவிலிருந்து அப்பா சீறினார். மடியில் வேகவைத்த காய்கறித் தட்டு. “என்னைப் பாரு, சர்க்கரை வந்ததிலிருந்து இனிப்புப் பக்கம் தலைவச்சுப் படுக்கிறேனா?”

“ஐயோ, அவளைத் திட்டாதீங்க! என் ஆராய்ச்சியே அவ வாயிலதான் இருக்கு!”

மறுநாள் கேக் பெட்டி பெரிதானது. ஐஸ்கிரீமில் புதுப் புது வகை வந்தது. அம்மா வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி, மகளிடமிருந்து தப்பில்லாத பதில்.

“ஏம்மா இவ்வளவு வாங்குறே? எல்லாத்தையும் நானே தின்னு தீர்க்கிறேன். கோபமே வரலையா?”

“தின்னுடி செல்லம்! நீ தின்னாத்தானே நான் கேக்க முடியும்?”

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்து, மென்று விழுங்கினாள்.

அம்மா மகளைப் பற்றிச் சொன்னதும் டைரக்டர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். “கூட்டிட்டு வாங்க. சரியாச் சொன்னா ஆராய்ச்சி தொடரட்டும்.”

ஆபீஸ் கேன்டீனில் மகளுக்கு மதியச் சாப்பாடு. அவள் என்னென்ன சாப்பிட்டாள் என்று பக்கத்து மேஜையிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டார். மறுநாள் ஆபீசே திரண்டு நிற்க, டைரக்டர் கேட்டார்.

“நேத்து இங்கே என்னம்மா சாப்பிட்டே?”

மகள் விழித்தாள். “நூடுல்ஸ்... இல்ல, ரொட்டி. சூப் இருந்துச்சோ? பழம்... ஞாபகமில்லையே சார்.”

கொல்லென்று சிரிப்பு. டைரக்டர் ஆராய்ச்சி ஃபைலை மூடினார்.

அம்மா மகளை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். “மானத்தை வாங்கிட்டியேடி! வீட்ல மட்டும் பிஸ்கட் எண்ணிக்கைவரை எப்படிடி சொன்னே?”

“நான் சாப்பிட்டது எனக்கு எப்பவுமே ஞாபகம் இருக்காதும்மா.”

“அப்போ அது?”

மகளுக்கு அழுகை முட்டியது.

“அதெல்லாம் அப்பா சாப்பிட்டது. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. அவருக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்து பயந்து பார்த்தேன், ஒண்ணுகூட மறக்கலை. நானே தின்னேன்னு சொன்னா நீ திட்டிட்டு வாங்குறதை நிறுத்திடுவேன்னு நெனச்சேன்... நீ இன்னும் பெரிய பெட்டியா வாங்கி வச்சியேம்மா!”