மருமகள் எழுதிய எண்கள்

"என்னைப் பத்தித்தான் கோள் மூட்டியிருக்கறாளுங்க. படிச்சுச் சொல்லுங்க!" என்று தபால் கார்டை மேஜைமேல் போட்டாள் சென்னியம்மாள்.

1939. யுத்தம் தொடங்கி மூன்று மாதம். கோயமுத்தூரில் தபால்களைச் சோதிக்கும் ஆபீஸ் அது. அதிகாரி லட்சுமணசாமி கார்டைத் திருப்பிப் பார்த்தார். முகவரியில் பட்டாளத்தின் பேரும் சிப்பாய் நம்பரும் மட்டும்; மற்றபடி ஓர் எழுத்துக்கூட இல்லை, எல்லாம் எண்கள்.

"யாரு யாருக்கு எழுதினதும்மா?"

"என்ற மருமக சாந்தாமணி, பட்டாளத்துல இருக்கற என்ற பையனுக்கு எழுதினதுங்க. தபால்ல போட்டுட்டு வாரேன்னு வாங்கிட்டு, பட்டாளத்துத் தபாலெல்லாம் இங்கதான் படிப்பாங்கன்னு நேரா பஸ் ஏறிட்டேனுங்க."

இதைச் சொல்ல அவளுக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. கருமத்தம்பட்டியிலிருந்து வழிநெடுக மருமகளைத் திட்டித் தீர்த்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"இது சங்கேதம்மா. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண். எந்த எண் எந்த எழுத்துன்னு தெரியறதுதான் சாவி."

"அதை அவ முந்தானையில முடிஞ்சு வெச்சிருப்பாளுங்க."

அதிகாரி சிரித்தார். "பையன் பேரு என்ன? கடிதம் பேரிலதானே ஆரம்பிக்கும்? அதை வெச்சே உடைச்சுடலாம்."

"காளிச்சாமிங்க."

போட்டுப் பார்த்தார். பொருந்தவில்லை. திருப்பிப் போட்டார். ஊஹும்.

சென்னியம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இத்தனை படித்த மனுசனுக்கு இது தெரியாதா?

"புருஷன் பேரை எந்தப் பொம்பளை எழுதுவாளுங்க? 'ஏனுங்க'ன்னுதான் ஆரம்பிச்சிருப்பா."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 'ஏனுங்க' கச்சிதமாகப் பொருந்தியது. அதிலிருந்த 'ங்க' வரிக்கு வரி வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மற்ற எழுத்துகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

முழுவதும் படித்தவரின் முகம் மாறியது.

"படிக்கத்தான் வேணுமாம்மா?"

"படிங்க! கோள் மட்டும் சொல்லியிருக்கட்டும், இன்னைக்கே அவ அப்பன் ஊட்டுக்கு அனுப்பிப்போடறேன்."

அவர் மெதுவாகப் படித்தார்.

"ஏனுங்க, அத்தைக்குக் கண்ணு மங்கிப்போச்சுங்க. அவங்க பொறுக்கி வெக்கற கம்புல கல்லு அப்படியே கெடக்குதுங்க. சொன்னா மனசு ஒடைஞ்சுபோயிருவாங்க. வெள்ளிக்கிழமை அவங்க கோயிலுக்குப் போற நேரமாப் பாத்து மறுக்காப் பொறுக்கி வெக்கறேனுங்க. லீவுல வந்தா, நீங்களே கண்டுபிடிச்ச மாதிரி சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. கார்டுல எழுத்தா எழுதினா ஊரே படிச்சு, அவங்க காதுக்கு வந்துருமுங்க. அதான் நீங்க சொல்லிக் குடுத்த எண்ணுல எழுதறேனுங்க."

சென்னியம்மாளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பெருமையாகவும் இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"இதை அப்படியே தபால்ல அனுப்பிப்போடுங்க சாமி. நான் இங்க வந்தது யாருக்கும் தெரிய வேண்டாமுங்க."

அவர் சோதனை முத்திரையைக் குத்திக் கார்டைத் தபால் பையில் போட்டார்.

மறுநாள் சென்னியம்மாள் எப்போதும்போல் முறத்தோடு உட்கார்ந்து கல் பொறுக்கினாள். முடித்ததும் முறத்தை மருமகள் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்தாள்.

"அம்மணி, கோயிலுக்குப் போயிட்டு வாரேன்."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை இல்லீங்களே அத்தை?"

"இனிமே தினமும் போலாம்னு இருக்கறேன் கண்ணு. நீ நிதானமா வேலையைப் பாரு, நான் வர நேரமாகும்."