வேலை நிற்காத இடம்

ஐரோலி என்ற ஊரில் இருந்த அந்தக் கம்பெனியில் யார் லாகின் செய்யலாம் என்று முடிவு செய்பவை நான்கு சர்வர்கள். மாடிக்கு ஒன்று. நான்கும் வேறு வேறு வயது. இப்போது நான்கையும் புதுப்பிக்க வேண்டும்; அதுவரை பழசும் புதுசும் சேர்ந்தே ஓட வேண்டும் என்பதால், ஒவ்வொன்றாகத்தான் மாற்ற முடியும்.

“எதுல ஆரம்பிக்கணும் ஸார்?” என்று கேட்டாள், அந்த வேலையை ஏற்றிருந்த கோகிலவாணி.

மேனேஜர் ஞானராஜ் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “இதையும் நானே சொல்லணுமா? எது படுத்தா கம்பெனி வேலை நிக்காதோ, அதுல ஆரம்பி. வேலை நின்னுச்சு, உன் வேலை போச்சு. சம்ஜி? புரிஞ்சுதா?”

ஒரு வாரம் எந்த மாடியில் என்ன நடக்கிறது என்று பார்த்து, அவள் ஒரு சர்வரைத் தேர்ந்தெடுத்தாள்.

வியாழக்கிழமை அவர் கேபினுக்கு ஏறிப் போனாள். “ஸார், திங்கக்கிழமை ஆரம்பிச்சது பாதியில மாட்டிக்கிட்டுது. மூணு நாளா அந்த மாடியில யாராலயும் லாகின் பண்ண முடியல.”

ஞானராஜின் முகம் வெளுத்தது. “அய்யோ! எத்தன கம்ப்ளெய்ண்ட்?”

“ஒண்ணுகூட இல்ல ஸார்.”

“பாத்தியா, பிளான் யாரோடது!” காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். “ஆமா, மூணு நாளா ஒருத்தனுக்கும் தெரியலன்னா, அங்க உக்காந்து என்னத்தக் கிழிக்கானுவ? எந்த மாடி அது?”

“இந்த மாடிதான் ஸார்.”