பிந்தி வந்த பிழைகள்

கண்ணாடி அறையின் பெரிய திரையில் பச்சைக் கோடு படுத்துக் கிடக்கிறது. அதற்கு முதுகைக் காட்டி மேலாளர் முழங்கிக்கொண்டிருக்கிறார். முதலாளியும் கூட்டாளிகளும் தலையாட்டுகிறார்கள். கடைசி நாற்காலியில் அவள், மடிக்கணினியின் ஓரத்தை நகத்தால் சுரண்டியபடி காத்திருக்கிறாள். சர்வர்கள் அனுப்பும் பிழைப் பதிவுகளை எண்ணிக் கோடாக்கும் நிரல் அவளுடையது; பிழை கூடினால் கோடு சிவந்து ஏறும். நிமிடத்துக்கு நிமிடம் கணக்கை முடித்துவிட வேண்டும், பிந்தி வருவதைத் தூக்கிப் போட வேண்டும் என்பது மேலாளரின் உத்தரவு. அவர் பொறுப்பிலுள்ள சர்வரோ பிழைகளை எப்போதும் பிந்தித்தான் அனுப்பும். போன மாதம் ஒருநாள் சேவை முழுதும் முடங்கியபோது அவர் பக்கம் பச்சை; பழி இவள் தலையில். “தண்டச் சம்பளம்” என்று இதே அறையில்தான் சொன்னார். இன்று காலை அவள், பிந்தி வருவதும் சேரட்டும் என்று, ஒவ்வொரு நிமிடக் கணக்கும் ஐந்து நிமிடம் திறந்தே இருக்கும்படி நிரலை மாற்றிவிட்டாள். “பாருங்க, ஒரு தப்பு கிடையாது” என்று அவர் திரும்பாமலே திரைப் பக்கம் கை நீட்டுகிறார். விரல் நீண்ட இடத்தில் கோடு சிவந்து ஏறுகிறது. முதலாளியின் மூக்குக்கண்ணாடியில் அந்தச் சிவப்பு படர்கிறது. தலையாட்டல் நிற்கிறது. மேலாளர் திரும்புகிறார். “என்னம்மா இது?” குரல் பாதியில் உடைகிறது. “உங்க சர்வரோட பிழைங்கதான் சார். எப்பவும் லேட்டாத்தான் வரும்.” அவள் நிதானமாகச் சாய்ந்துகொள்கிறாள். “நீங்க பேசுங்க சார். இன்னும் வந்துக்கிட்டே இருக்கு.”