ஆமை சேர்த்த வரி

"நீ எழுதின ஒரு வரிக்குப் பின்னால என்ன கூத்து நடக்குதுன்னு வந்து பாருய்யா!"

டீம் லீடர் போட்ட சத்தத்தில் ஆபீசே திரும்பியது. ஆமை மெதுவாக எழுந்து வந்தான். எதையும் நிதானமாகச் செய்வதால் அவனுக்கு அந்தப் பட்டப்பெயர்.

குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு அவர்கள் செய்துகொடுத்த மென்பொருள் அது. தடுப்பூசி நாளைப் பெற்றோருக்கு மெசேஜில் நினைவூட்டும். பிள்ளைகள் கூடக் கூட அது இழுத்துக்கொண்டு கிடந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் போனிலேயே காய்ச்சி எடுத்தார்கள்.

பொறுமை இழந்த லீடர், அந்த மென்பொருள், பிள்ளைகளின் விவரமெல்லாம் இருக்கும் டேட்டாபேஸிடம் மறைவாகக் கேட்கும் கேள்விகளை அப்படியே திரையில் ஓடவிட்டிருந்தார். ஒரே கேள்விதான் மழை மாதிரி கொட்டியது: இந்தக் குழந்தையின் ஃபைல் மூடப்பட்டதா? இந்தக் குழந்தையின் ஃபைல் மூடப்பட்டதா?

"ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாப் போய்க் கதவைத் தட்டிட்டு வருது! இதை யாரு சேர்க்கச் சொன்னது?"

"நானாத்தான் சேர்த்தேன் சார்."

"என்னைக் கேக்காம?"

"அப்ப நீங்க லீவுல இருந்தீங்க."

"ஃபைல் மூடினவங்க நூத்துல ஒருத்தர் இருப்பாங்களா? ஊர் மாறிப் போனவங்களுக்கு ஒரு மெசேஜ் கூடுதலாப் போனா குடியா முழுகிடும்?"

"அந்த ஒருத்தருக்காகத்தான் சார். எடுத்துடாதீங்க. ரெண்டு நாள் கொடுங்க, எல்லாருக்கும் சேர்த்து ஒரே கேள்வியா மாத்திடறேன்."

"எதுக்குன்னு சொல்லித் தொலையேன்!"

ஆமை சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். லீடரைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

"இவனையெல்லாம் வெச்சு மாரடிக்கணும்னு என் தலையெழுத்து!"

வரியை அழித்தார். மெசேஜ்கள் பறந்தன. கையோடு முதலாளி அறைக்குப் போய், "இவன் நமக்கு வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டு வந்தார். ஆமை பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அப்போதும் மெதுவாகத்தான்.

சாயங்காலம் லீடர் வீட்டுக்குள் நுழைந்தபோது, மனைவி விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். போனை நீட்டினாள்.

'உங்கள் குழந்தைக்கு நாளை ஒன்பதாம் மாதத் தடுப்பூசி. மறக்காமல் அழைத்து வரவும்.'

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கே வராமல் போய்விட்ட பிள்ளை.

"இத்தனை மாசமா ஒண்ணும் வரலையேங்க," என்றாள் அவள். "இன்னிக்கு மட்டும் ஏன் வந்துச்சு?"