ஏஞ்சல் அடித்த மணி

"இன்னைக்கும் அஞ்சு நிமிஷம் லேட்! நாலு நாளா இதே கூத்து. உங்க கிளாஸ் பொண்ணுதானே டீச்சர்?"

வெள்ளிக்கிழமை பிரேயர் முடிந்ததும் முடியாததுமாகத் தலைமை ஆசிரியர் சத்யராஜ் பிடித்துக்கொண்டார். பிரவீனா டீச்சரால் மறுக்க முடியவில்லை. மணியடிக்கிற பொறுப்பு இந்த மாதம் அவளுடைய எட்டாம் வகுப்பு ஏஞ்சலுக்கு. போன வாரம் வரைக்கும் ஒரு நிமிஷம் பிசகாமல் அடித்த பெண்தான்.

"மாடி வராந்தாவுல மணியடிக்கற கம்பியைக் கையில வெச்சுக்கினு தெருவை வேடிக்கை பார்த்துக்கினு நிக்குது. கீழேர்ந்து நான் கத்தினாலும் காதுல விழல. எல்லாம் நீங்க கொண்டாந்த விளையாட்டாலதான் கவனம் சிதறுது!"

பயிற்சி வகுப்பில் பிரவீனா கற்றுக்கொண்டு வந்த விளையாட்டு அது. ரகசிய நண்பர். திங்கட்கிழமை ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் யார் பேர் இருக்கிறதோ அவர்களுக்கு வாரம் முழுக்க ஏதாவது நல்லது செய்ய வேண்டும். காசு செலவழிக்கக் கூடாது, செய்தது யாரென்று தெரியவும் கூடாது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் குட்டு உடையும். இதற்கு அனுமதி வாங்குவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"இன்னைக்கு நானே வந்து பார்க்கறேன். உருப்படியா ஒண்ணும் இல்லேன்னா விளையாட்டும் கிடையாது, அந்தப் பொண்ணு கையில கம்பியும் கிடையாது" என்றார் சத்யராஜ்.

சொன்னபடியே கடைசி பீரியடில் கையைக் கட்டிக்கொண்டு வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

தனுஷின் சைக்கிளைத் தினமும் துடைத்து வைத்தது கிறிஸ்டோபர் என்று தெரிந்ததும் வகுப்பே கை தட்டியது. ஒருத்தி விட்டுப்போன பாடத்தை எழுதிக் கொடுத்திருந்தாள். சத்யராஜின் முகம் கூடக் கொஞ்சம் இளகியது.

அடுத்து தீபிகா எழுந்தாள்.

வாயில்லாப் பூச்சி. அம்மா நெசவுக்குப் பட்டு இழைகளைப் பாவு போடும் வேலை செய்கிறாள் என்பதற்கு மேல் அவளைப் பற்றி பிரவீனாவுக்கு ஒன்றும் தெரியாது. முக்கால்வாசி நாள் தாமதம். மணி அடித்ததும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். முதல் பீரியட் முழுக்க வெளியே நிற்பாள். பிரவீனாவின் கணக்கு வகுப்புதான் அது. ஏன் லேட் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். பிரவீனாவும் கேட்பதை விட்டுவிட்டாள்.

"எனக்கு யாரும் எதுவும் செய்யல டீச்சர்." தீபிகாவின் குரல் உடைந்தது.

"தீபிகா பேர் எழுதின சீட்டை எடுத்தது யாரு?"

ஏஞ்சல் எழுந்து நின்றாள்.

"என்னம்மா செஞ்சே?"

ஏஞ்சல் வாசலில் நின்ற தலைமை ஆசிரியரை ஒரு பார்வை பார்த்தாள். "ஒண்ணும் செய்யல டீச்சர்."

"ஊ..." என்று வகுப்பு கத்தியது. பிரவீனாவுக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. அத்தனை பேர் செய்ததும் இந்த ஒருத்தியால் வீணாய்ப் போயிற்றே!

"மணியும் ஒழுங்கா அடிக்கறதில்ல. கூடப் படிக்கற பொண்ணுக்கு ஒரு சின்ன நல்லது செய்யவும் மனசு வரல. உன்னைப் போய் நம்பினேன் பாரு!"

ஏஞ்சல் பீரியட் முடிகிறவரை நின்றுகொண்டே இருந்தாள்.

"பார்த்தீங்களா உங்க விளையாட்டோட லட்சணத்தை?" என்றார் சத்யராஜ். "இனிமே பசங்களை நம்ப மாட்டேன். திங்கட்கிழமையிலேர்ந்து நீங்களே மணி அடிங்க."

திங்கட்கிழமை. ஒன்பது அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது பிரவீனா மாடி வராந்தாவில், மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டின் முன்னால் போய் நின்றாள். கம்பியை ஓங்கியவள் எதேச்சையாகத் தெருப்பக்கம் பார்த்தாள்.

காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், தெருவில் பாதி நீளத்துக்கு அரக்கு நிறத்தில் பட்டுப் பாவு நீட்டியிருந்தது. ஒரு கோடியில் ஓர் அம்மா அவசர அவசரமாகச் சுருட்டிக்கொண்டு வந்தாள். மறுகோடியை இழுத்துப் பிடித்தபடி யூனிபார்மும் ரெட்டை ஜடையுமாக, தோளில் பள்ளிக்கூடப் பையோடு நின்றது தீபிகா.

சுருட்டி முடிகிற வரைக்கும் பிடியை விட முடியாது. விட்டால் அத்தனை இழையும் சிக்காகிவிடும். இன்னும் ஐந்து நிமிஷ வேலை பாக்கி இருந்தது. இப்போது மணி அடித்தால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள்.

போன வாரம் செவ்வாயிலிருந்து வெள்ளி வரை தீபிகா ஒரு நாள் கூட வெளியே நிற்கவில்லை, நான்கு நாளும் கணக்கு வகுப்பில் உட்கார்ந்திருந்தாள் என்பது பிரவீனாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

இதையா ஒண்ணும் செய்யலன்னு சொன்னா அந்தப் பொண்ணு!

ஓங்கிய கை தானாக இறங்கியது. அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஒன்பது ஆயிடுச்சு டீச்சர்!" கீழே மைதானத்திலிருந்து சத்யராஜ் கத்தினார். "என்ன, நீங்களும் தெருவை வேடிக்கை பார்த்துக்கினு நிக்கறீங்களா?"

பிரவீனா கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தாள். பிரேயர் வரிசையில் ஏஞ்சல் தலை குனிந்து நின்றிருந்தாள்.

"ஏஞ்சல்! மேல வாம்மா."

தயங்கித் தயங்கிப் படியேறி வந்தவளின் கையில் கம்பியைக் கொடுத்தாள்.

"இந்தா. எப்ப அடிக்கணும்னு உனக்குத்தான் தெரியும்."