முன்சீட்டு

“மாமா, ஏசியைக் குறைக்கட்டுமா?”

பதில் இல்லை. மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

“வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்!” என்று முணுமுணுத்தபடி கியரை மாற்றினாள் மருமகள்.

வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிற மனுஷன். இவள் கார் ஓட்டினால் மட்டும் ஊமை. முதலில் பின்சீட்டில்தான் உட்கார்ந்தார். “நான் என்ன உங்கப்பாவுக்கு டிரைவரா?” என்று புருஷனிடம் இவள் குதித்த பிறகுதான் முன்சீட்டுக்கு வந்தார். வந்து என்ன? மருமகள் ஓட்டுகிற காரில் போவது கௌரவக் குறைச்சலாக்கும்!

இனி அவர் வாடகைக் காரில் போகட்டும். சாயங்காலம் புருஷனிடம் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினாள்.

அவரை வாசகசாலையில் இறக்கிவிட்டு நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். கார் ரேடியோவைப் போட்டாலே கரகரவென்று ஒரே இரைச்சல்.

அங்கே எலெக்ட்ரீஷியன் ஒரு பெண். ‘ஒயரக்கா’ என்றால்தான் தெருவில் தெரியும்.

ஒயரக்கா ரேடியோவைத் தொடவே இல்லை. முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த கேமராவின் ஒயரைப் பிடுங்கினாள். பாட்டு பளிச்சென்று கேட்டது. செருகினாள். மறுபடி கரகர.

“கேமரா நல்லதுதான். அதோட சார்ஜர்தான் மட்டம். கரண்ட்டோட சேர்த்து இரைச்சலையும் ஒயர் முழுக்க அனுப்புது.”

மருமகளுக்குச் சுருக்கென்றது. முதல் சம்பளத்தில் அவள் வாங்கிய கேமரா.

ஒயரக்கா சார்ஜரை மாற்றினாள். இரைச்சலை அடக்க, ஒயரில் கறுப்பு வளையம் ஒன்றை மாட்டினாள். பிறகு ஒயரையே வேறு பக்கமாகக் கொண்டுபோனாள்.

“இது சரியா முன்சீட்டுக்காரங்க காதோரமா போயிருக்கு. நமக்கு ஒண்ணும் தெரியாது. காதுல மெஷின் வெச்சவங்க உட்கார்ந்தா தொலைஞ்சாங்க! வண்டு புகுந்த மாதிரி கொய்ங்னு கத்தும்.”

மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமனார் காதில் இருப்பது மெஷின்தானே!

சாயங்காலம் அவர் முன்சீட்டில் ஏறியதும் கேட்டாள்: “மாமா, இப்ப சத்தம் இருக்கா?”

அவர் காதைத் தொட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “அட, போயிடுச்சேம்மா!”

“ஏன் மாமா ஒரு வார்த்தை சொல்லல?”

“முதல் சம்பளத்துல ஆசையா கேமரா வாங்கி மாட்டினே. அது பக்கத்துல உட்கார்ந்தாத்தான் இந்தச் சத்தம். அதைக் கழட்டச் சொல்ல மனசு வரல. நீ கேட்கிறது அரைகுறையாத்தான் காதுல விழும். தப்பா பதில் சொல்லி வைப்பானேன்னு பேசாம இருந்துட்டேன்.”

போகும்போது தான் முணுமுணுத்தது அவளுக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது.

“கார்ல ஏறினதும் மெஷினை ஆஃப் பண்ணியிருப்பீங்களே மாமா?” ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்றிருந்தது.

“பண்ணினா நீ பேசுறது சுத்தமா கேட்காதேம்மா!”

சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி வாயை ‘ஆ’வென்று திறந்து காட்டினார் மாமனார்.

“பாரு, திறந்துட்டேன். ஒரு முத்துகூட உதிரலை!”