மணத்தக்காளியின் கறுத்த பழம்

கொண்டைக்குருவியின் குஞ்சுக்கு வாய்ப்புண். இரண்டு நாளாக இரை இறங்கவில்லை. தாய்க்குருவி பதறிப்போய் வேலியோரத்து மணத்தக்காளிச் செடியிடம் பறந்து வந்தாள். கண்ணில் பட்ட பச்சைக்காயைக் கொத்தப் போனவளைச் செடி தடுத்தது.

"அது பிள்ளைக்கு ஆகாது, தாயே. இலையை விலக்கிப் பார், கறுத்தது இருக்கும்."

விலக்கினாள். மிளகைவிடச் சற்றே பெரிதாக, மினுமினுவென்று ஒரே ஒரு பழம்.

"இவ்வளவுதானா?" என்றாள், கண் கலங்கி.

"கொண்டுபோய்க் கொடு. நாளைக்கும் ஒன்று கறுக்கும்."

லேசான கசப்பும் இனிப்புமாய்ச் சாறு குஞ்சின் தொண்டையில் இதமாக இறங்கியது. தினம் ஒரு பழம் கொடுத்துவந்தாள். நான்காம் நாள் குஞ்சு வாயை அகலத் திறந்து புழு கேட்டது.

நன்றி சொல்ல ஓடிவந்தவளிடம் செடி ஒரு கிளையைத் தாழ்த்தியது.

"இது உனக்கு. நீயும்தான் இத்தனை நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை."